நட்சத்திரம் போதும்னாரு அத்தான்

தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. அடுத்தவங்க லேப்டாப்பை எட்டிப் பாக்கது மரியாதை இல்லன்னு எனக்கும் தெரியும். ஆனா விழுப்புரத்துலேருந்து பாத்துக்கிட்டே வாரேன், அந்த ஒரு கட்டத்துலயே எழுதுறீங்க, அழிக்கிறீங்க, திரும்ப எழுதுறீங்க. பேக்கப்தான எடுக்கப் போறீங்க? எந்தெந்த ஃபைலை விட்டுறலாம்னு கேக்கான். ரெண்டு வழி வேற குடுத்திருக்கான். சாதா நட்சத்திரக் குறி போடணுமா, ரெகுலர் எக்ஸ்ப்ரஷன் எழுதணுமான்னு முழிக்கீங்க. சரியா?

ரெகுலர் எக்ஸ்ப்ரஷனே போடுங்க. யோசிக்கவே வேண்டாம். காலம்பூரா கம்பெனி கம்பெனியா இந்தக் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ச்சவன் சொல்லுதேன். நட்சத்திரம்ங்கிறது ஒண்ணுமில்ல, இந்த எடத்துல என்ன இருந்தாலும் சரின்னு தலையாட்டும், அவ்வளவுதான். அதுக்கு மேல அதுக்கு விவரம் கிடையாது. குப்பை பத்து தினுசுல இருந்தா பத்து வரி எழுதணும். இது அப்படி இல்ல. ஃபைல் பேரு எதுல ஆரம்பிக்கணும், எதுல ஆரம்பிக்கக் கூடாது, எல்லாத்தையும் ஒரே வரியில அடக்கிரலாம். இதை நான் எங்க வேணாலும் வந்து சொல்லுவேன். எங்க அக்கா முன்னாடியும் சொல்லுவேன்.

அவதான் இப்ப என்கூடப் பேசுறதில்ல.

இல்ல, பேசுவா. வாம்பா, சாப்பிடும்பா, எப்ப ரயில்னு கேப்பா. எதிர்வீட்டுக்காரங்ககிட்டப் பேசுறாப்புல பேசுவா. முன்னால எல்லாம் ஃபோனை எடுத்தா வைக்க மாட்டா தம்பி. மாமியார் கதை, பூனை குட்டி போட்ட கதை, சங்கரன்கோவில்ல எவன் எவளை இழுத்துட்டுப் போனான்ங்கிறது வரைக்கும் எனக்கு வந்துரும். அந்தப் பேச்சு இல்லாம எனக்கு ராயபுரத்துல பொழுதே போக மாட்டேங்கு. இப்ப அவ வீட்டுக்குத்தான் போறேன். அத்தானுக்கு ரெண்டாவது வருஷத் திதி.

அத்தான் பேரு ஆவுடையப்பன். சங்கரன்கோவில் பக்கம் உங்களுக்குப் பழக்கம் உண்டுமா? உண்டுன்னா அவரு குரலைக் கேட்டிருப்பீங்க. ஆட்டோவுல மைக்கு கட்டிட்டு வருவாங்கள்லா, ஆடித் தள்ளுபடி, ரெண்டு நாள் தண்ணி வராது, கண் சிகிச்சை முகாம், இன்னார் காலமானார், இத்தனை மணிக்கு எடுக்காங்கன்னு. எல்லாம் அத்தான் குரல்தான். வீட்டுலயே ஒரு ரூம்பு, சுவரெல்லாம் பழைய மெத்தை, ஒரு மைக்கு, ஒரு கம்ப்யூட்டர். இவரு பேசுவாரு, அக்கா உக்காந்து வெட்டி ஒட்டி, கீழ நாதஸ்வரமோ தவிலோ சேத்து, கார்டுல ஏத்திக் குடுப்பா. கோமதி சவுண்ட்ஸ்னு பேரு. கோமதி எங்க அக்கா. அம்பாள் பேருன்னு வெளிய சொல்லிக்கிடுவாரு, ஆனா வச்சது அக்கா பேருதான்.

அந்த மனுஷனுக்கு ஒரு பழக்கம். அன்னைக்கு மொதல்ல பதியுறது யாவாரமா இருக்கக் கூடாது. அதுலயும் எழவுச் செய்தியா இருக்கவே கூடாது. வாசல்ல துண்டு போட்ட ஆளு வந்து நிப்பான், அய்யா எங்கப்பா போயிட்டாருன்னு அழுவான். இவரு அவனை உக்கார வச்சு, காப்பி குடுத்து, உள்ள போயி மொதல்ல பிள்ளையார் சுழி பதிவாரு. பிள்ளையார் சுழின்னா, மைக்கு வேலை செய்யுதான்னு பாக்க நாலு வார்த்தை. ஹலோ ஹலோன்னுட்டு, அன்னைக்கு என்ன கிழமை, வெயிலா மூட்டமா, அப்புறம் அடுக்களையைப் பாத்து, "கோமு, இன்னைக்கு என்ன கொழம்பு"ன்னு ஒரு சத்தம். அதுக்கு மட்டும் கதவைச் சாத்த மாட்டாரு. அக்கா அங்கேருந்து பதில் சொல்லுவா. புளிக்கொழம்புன்னா, நேத்தும் அதானட்டின்னு இவரு கேப்பாரு. அவ ஒண்ணு சொல்லுவா, இவரு ஒண்ணு சொல்லுவாரு, சிரிப்பாங்க. அப்புறம் கதவைச் சாத்திட்டு, 'ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது'ன்னு ஆரம்பிப்பாரு.

அந்த நாலு வார்த்தையையும் அழிக்க மாட்டாரு. உ-ன்னு பேரு போட்டு, பக்கத்துல தேதி போட்டு வச்சிருவாரு. நோட்டுல மேல உ போடுறோம்லா, அது மாதிரி. தமிழ் எழுத்து அடிக்கிற வசதி அவரு கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்ததே நான்தான். அறிவிப்பு எழுதுறதுக்காகப் போட்டுக் குடுத்தேன். வாடிக்கையாளர் ஃபைலுக்கெல்லாம் கடைப் பேரை இங்கிலீஷுல போடுவா அக்கா, ஆட்டோ செட்டுல தமிழ் தெரியாதுங்கிறதால. இதுக்கு மட்டும் இவரு தமிழ்ல உ. தினம் ஒரு உ. வருஷக்கணக்கா.

இது எதுவும் எனக்கு அப்பத் தெரியாது, அதை நீங்க கவனிச்சுக்கிடணும். பழக்கம் தெரியும். அதைச் சேத்து வைக்காருன்னு தெரியாது. யாரும் எங்கிட்டச் சொல்லல.

ஒரு தடவை நான் ஊருக்குப் போயிருந்தப்ப, பேக்கப் எடுக்கிற டிஸ்க் நெறஞ்சு போச்சுன்னு அக்கா சொன்னா. என்னடான்னு பாத்தா, அந்த ஆடியோ சாஃப்ட்வேர் பண்ணுற வேலை. வெட்ட ஒட்ட வெட்ட ஒட்ட, தற்காலிக ஃபைலா போட்டுத் தள்ளிருக்கு. டாலர் குறியில ஆரம்பிக்கிறது ஒரு தினுசு, புள்ளி வச்சது ஒரு தினுசு, அலைமாதிரி நெளிக் குறி ஒண்ணு, அடிக்கோடு ஒண்ணு. எல்லாம் குப்பை. சரி, இதையெல்லாம் பேக்கப்புல சேக்காமத் தள்ளிருவோம்னு உக்காந்தேன். இந்தா நீங்க பாத்துக்கிட்டு இருக்கீங்களே, இதே கட்டம், இதே ரெண்டு வழி.

அத்தான் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. "மாப்ளே, நட்சத்திரம் போட்டாப் போதும்னு இருக்கே, அது எனக்கே புரியுதே"ன்னாரு.

"அதுக்கு நாலஞ்சு வரி ஆகும் அத்தான்."

"ஆவட்டுமே. டாலர் நட்சத்திரம், புள்ளி நட்சத்திரம்னு எழுதிப் போட்டா, எதைத் தூரப் போடுதோம்னு நானும் படிச்சுப் பாத்துக்கிடலாம்லா?"

நான் சிரிச்சேன். நாளைக்கே புது தினுசுக் குப்பை வந்தா திரும்ப உங்களுக்கு ஒரு வரி எழுத நான் சென்னையிலேருந்து வரணுமான்னேன். நல்ல ஃபைல் எல்லாம் எப்படி ஆரம்பிக்குது, கடைப் பேரு, இங்கிலீஷ் எழுத்து, இல்லன்னா தேதி, நம்பர். அப்ப பேரு இங்கிலீஷ் எழுத்துலயோ நம்பர்லயோ ஆரம்பிக்கலன்னா தள்ளு. முடிஞ்சு போச்சு. ஒரே வரி. பத்துப் பதினஞ்சு எழுத்துதான். ஜென்மத்துக்கும் திரும்பத் தொட வேண்டாம். அழகா இருந்துச்சு தம்பி அந்த வரி. என் ஆபீஸ்ல காட்டியிருந்தா கை குடுத்திருப்பான்.

அத்தான் அதைப் படிச்சுப் பாத்தாரு. "கோழி கிளறுனாப்புல இருக்கு மாப்ளே. நீ சொன்னா சரிதான்"ன்னாரு.

நான் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டுச் செய்யல. அந்த வரியால எதெல்லாம் தள்ளுப்படும்னு பட்டியல் போட்டே பாத்தேன். எவன் பாக்கான் இந்தக் காலத்துல? நான் பாத்தேன். டாலர் டாலரா வருது, புள்ளி புள்ளியா வருது, அப்புறம் ஒரு பெரிய கூட்டம், வெறும் கட்டம் கட்டமா. அந்த பேக்கப் சாஃப்ட்வேருக்குத் தமிழ் எழுத்து காட்டத் தெரியாது, அது அதோட குத்தம். ஒரு காலிக் கட்டம், பக்கத்துல தேதி. காலிக் கட்டம், தேதி. உருட்ட உருட்ட வந்துக்கிட்டே இருக்கு. "பாத்தீங்களா அத்தான், எம்புட்டுக் குப்பை சேத்து வச்சிருக்கு உங்க கம்ப்யூட்டர்"னேன். அவரும் கண்ணாடியைத் தூக்கிப் பாத்தாரு. "அடேயப்பா"ன்னாரு. அவருக்கே அடையாளம் தெரியலயே தம்பி, எனக்கு எப்படித் தெரியும்? அவரு வச்ச பேரு, அவரு கண்ணு முன்னாடி போகுது, அடேயப்பாங்காரு.

நெறஞ்சு கெடந்த பழைய பேக்கப்பை அழிச்சுட்டு, புது வரியோட மொதல்லேருந்து எடுக்க விட்டேன். மதியம் கறி எடுத்துச் சமைச்சாங்க. நல்லாச் சாப்பிட்டுட்டு ரயிலேறினேன்.

அத்தான் போனது ரொம்பச் சட்டுனு. குளிக்கப் போனவரு குளிக்கிற எடத்துலயே சாஞ்சுட்டாரு. ஆஸ்பத்திரி வரைக்கும்கூட இல்ல. நான் போயிச் சேரும்போது தெருவுல ஆட்டோ அறிவிச்சிட்டுப் போகுது, கோமதி சவுண்ட்ஸ் உரிமையாளர் ஆவுடையப்பன் அவர்கள்னு. தென்காசியிலேருந்து ஒரு பையனைக் கூட்டிட்டு வந்து பேச வச்சிருக்காங்க. பிணத்துக்குப் பக்கத்துல உக்காந்திருந்த அக்கா தலையைத் தூக்கி, "மூச்சு விடுத எடம் தெரியல அவனுக்கு, பாவம்"ன்னா. அவ அழுததைவிட அதைக் கேட்டுத்தான் நான் அழுதேன். எனக்கு அண்ணன் கிடையாது. இருந்திருந்தாலும் இவர மாதிரி இருந்திருக்க மாட்டான்.

அதுக்கப்புறம் அவ ரூம்புக்குள்ளேயேதான் இருந்தா. ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாளாம். சரி, மனசு ஆறட்டும்னு நாங்களும் விட்டுட்டோம். என்ன கேக்கான்னு யாரும் கேக்கல. நானும் கேக்கல. பழைய அறிவிப்பு கேப்பான்னு நினைச்சேன்.

ஒருநாள் கம்ப்யூட்டர் டிஸ்க் போயிருச்சு. சாகாத டிஸ்க்னு ஒண்ணு உண்டா தம்பி? அதுக்குத்தான பேக்கப். ஃபோன்ல பதறினா. நான் சொன்னேன், "நீ ஏன்க்கா பதறுத, எல்லாம் இருக்கு, நான் வாரேன்"னேன். புது டிஸ்க் வாங்கிட்டுப் போயி, மாட்டி, பேக்கப்புல இருந்து எல்லாத்தையும் எறக்கினேன். ஒண்ணு விடாம வந்துச்சு. ஜவுளிக்கடை, நகைக்கடை, முனிசிபாலிட்டி, தேரோட்டம், எல்லாம். ஒரு அறிவிப்பைத் தட்டிவிட்டேன். ரூம்பு பூரா அத்தான் குரல், கணீர்னு. எனக்கு அப்படியே பெருமை. தொழில் தெரிஞ்சவன் ஒருத்தன் குடும்பத்துல இருந்தா இதான்னு நினைச்சேன்.

அக்கா மவுஸை வாங்கித் தேடினா. மேலயும் கீழயும் தேடினா. "உ போட்டதெல்லாம் எங்கல?"ன்னா.

அப்பத்தான் எனக்குச் சங்கதியே தெரியும்.

சென்னைக்குக் கொண்டுபோயி அந்தச் செத்த டிஸ்க்கை எனக்குத் தெரிஞ்ச எல்லா எடத்துலயும் குடுத்துப் பாத்தேன். தட்டு பூராக் கீறல் விழுந்திருக்கு, வாய்ப்பில்லன்னுட்டான். அக்காகிட்ட வந்து சொன்னேன். பக்குவமாத்தான் சொன்னேன். ரெகுலர் எக்ஸ்ப்ரஷன் மேல தப்பே இல்லக்கா, என்ன சொன்னமோ அதை அட்சரம் பிசகாமச் செஞ்சிருக்கு, பேரைத் தமிழ்ல வச்சதுதான் பிரச்சினை, இங்கிலீஷுல வச்சிருந்தா பத்திரமா இருந்திருக்கும்னு விளக்கினேன். பேப்பர்ல எழுதியே காட்டினேன். அவ அந்தப் பேப்பரைப் பாக்கவே இல்ல. சுவருல தொங்குற மெத்தையைப் பாத்துக்கிட்டு இருந்தா.

அவ மனசு எனக்குப் புரியாம இல்ல தம்பி. அதனாலதான் சொன்னேன், "அத்தான் குரலுக்கு என்னக்கா கொறை, நாள் பூராப் போட்டுக் கேட்டாலும் தீராத அளவுக்கு இருக்கே"ன்னேன்.

"அது ஊருக்குப் பேசுனது"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. எந்திரிச்சுப் போயி அரிசி களைய ஆரம்பிச்சுட்டா. கத்தியிருந்தாக்கூட எனக்குப் பரவால்ல. ஏல, நாசமாப் போறவனேன்னு ரெண்டு வச்சிருந்தாக்கூட வாங்கியிருப்பேன். சின்ன வயசுல வச்சவதான். அன்னையிலேருந்து ஃபோனும் இல்ல.

நான் என் கடமையை விடல. அந்த வரியைத் திருத்திட்டேன். இப்பத் தமிழ் எழுத்தையும் சேத்தாச்சு, உ என்ன, ஃ வரைக்கும் எதுல ஆரம்பிச்சாலும் எடுத்துக்கிடும். சென்னையிலேருந்தே ஓட விடுதேன். வாராவாரம் பேக்கப் வெற்றின்னு அவ ஃபோனுக்கு மெசேஜ் போகும். பதில் வராது. அந்தக் கம்ப்யூட்டரை இப்ப யாரும் தொடுறதில்ல, ரூம்பைப் பூட்டிட்டா. ஆனாலும் பேக்கப்னா பேக்கப்தான தம்பி?

போன வருஷம் மொதத் திதிக்குப் போயிருந்தேன். காலையில எந்திரிச்சு, பல் வெளக்கிட்டு, காப்பி இருக்கான்னு அடுக்களைப் பக்கம் போறேன். உள்ள அத்தான் பேசுறாரு.

நிலையைப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். அறிவிப்புக் குரல் இல்ல தம்பி. வீட்டுக் குரல். கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோட. "ஹலோ, ஹலோ. வியாழக்கிழமை. மானம் மூட்டமா இருக்கு. கோமு, மாப்ள இன்னைக்கு வாரானாம்லா?" தூரத்துல அக்கா, அந்தப் பதிவுல இருக்கிற அக்கா, "எந்தம்பி வாரது எனக்குத் தெரியாதாக்கும், மீனுக்குச் சொல்லியாச்சு"ங்கா. அத்தான் சிரிக்காரு. அப்படி ஒரு சிரிப்பு. "எம்மா, அவனை மாதிரி"ன்னு ஆரம்பிக்காரு. என் காலு அந்த எவர்சில்வர் கொடத்துல இடிச்சிருச்சு. டக்குனு நிறுத்திட்டா.

உள்ள போனேன். மேடையில ஒரு சின்ன ஸ்பீக்கர், சாமி பாட்டு கேக்க வச்சிருப்பாங்கள்லா, அது. அதுலேருந்து மெமரி கார்டை எடுத்துக் கைக்குள்ள வச்சுக்கிட்டா. எப்படிக்கா கெடச்சுதுன்னேன். மூக்கையான்னு ஒரு ஆட்டோக்காரன். எப்பவோ அவசரத்துல அத்தான் அன்னைக்குள்ளதை மொத்தமா அந்தக் கார்டுல ஏத்திக் குடுத்துட்டாரு போல. மொதல்ல அய்யா வீட்டுப் பேச்சு வருதேன்னு அவன் அதை மட்டும் தள்ளிட்டு மத்ததைப் போட்டுட்டுத் திரிஞ்சிருக்கான். அழிக்கல. இவ தேடுதான்னு கேள்விப்பட்டுக் கொண்டுவந்து குடுத்திருக்கான். வருஷக்கணக்கா இருந்ததுல அந்த ஒண்ணுதான் மிச்சம்.

"அதைக் குடு அக்கா, இன்னொரு கார்டுல காப்பி எடுத்துத் தாரேன்"னேன். "ஒண்ணே ஒண்ணை வச்சுக்கிட்டு இருக்கது ஆபத்து. அந்தக் கார்டெல்லாம் எப்ப வேணாலும் போயிரும்."

"போவட்டும்"ன்னா.

"என்னக்கா பேசுத?"

"எங்கையில இருந்து போனாப் போவட்டும். உங்கையில குடுக்க மாட்டேன்."

ஒரு தொழில்காரன்கிட்டச் சொல்லுத வார்த்தையா இது, சொல்லுங்க? கார்டுங்கிறது சூடு பட்டாப் போச்சு, ஈரம் பட்டாப் போச்சு, இவ அதை அடுக்களையில வச்சிருக்கா. ரெண்டு நிமிஷ வேலை. நாலு எடத்துல போட்டு வச்சிருவேன். நான் கெஞ்சிப் பாத்தேன். சரி குடுக்க வேண்டாம், என்னைப் பத்தி என்ன சொன்னாருன்னாவது போட்டுக் காட்டுன்னேன். அடுப்பைப் பத்த வச்சா. வாயால சொல்லு போதும்னேன். அவ திரும்பிக்கூடப் பாக்காம, "அது குப்பைன்னு நீதானல எழுதி வச்ச"ன்னா.

நான் எங்க தம்பி எழுதினேன்? பேரு எப்படி ஆரம்பிக்கணும்னுதான எழுதினேன்.

சரி, அதை விடுங்க. எனக்கு இப்ப ஒண்ணே ஒண்ணுதான். அவனை மாதிரின்னு ஆரம்பிச்சாரே, அதுக்கு மேல என்ன சொன்னாரு? அவனை மாதிரி ஒரு பய உண்டுமான்னாரா, அவனை மாதிரி ஒரு கிறுக்கன் உண்டுமான்னாரா? ரெண்டும் சொல்லக்கூடிய மனுஷன்தான். ராத்திரி படுத்தா நானே அவரு குரல்ல மிச்சத்தைச் சொல்லிப் பாக்கேன், ஒண்ணும் பொருந்த மாட்டேங்கு. அவரு என்னத்தைச் சொல்லியிருந்தாலும் சரி, அவரு வாயால ஒரு தடவை கேட்டுட்டேன்னாப் போதும். நாளைக்குக் காலையில அவ போடுவா. தெனம் போடுவாளாம், அன்னைக்கு என்ன கொழம்புன்னு அவருக்குப் பதில் சொல்லிட்டுத்தான் அடுப்பே பத்த வைப்பாளாம், பக்கத்து வீட்டுல சொன்னாங்க. ஆனா போன தடவை நான் கேட்டுட்டதால, இனி நான் வீட்டுல இருந்தா போட மாட்டா.